புதிய கோளுக்குப் போவதா, பேச்சு மேசையில் உட்காருவதா? அறிவியல் புனைவுத் தொடர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும், தொடர்களை ஊன்றிப் பார்க்கிறவர்களுக்கும் இந்தப் பக்கம் பயன்படும். எடுத்துக்காட்டுகளில் கதை முடிவுகள் மறைக்காமல் சொல்லப்பட்டுள்ளன.

ஆய்வுக் கதை, ராஜதந்திரக் கதை என்று எதை வைத்துப் பிரிப்பது?

கதை வெளியே கோளில் நடக்கிறதா, அறைக்குள் நடக்கிறதா என்று பார்த்துப் பிரித்தால் பாதி எபிசோடுகள் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஒரு சோதனை போதும். நடுக்கதையில் கேப்டன் கலத்தைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும்? ஒரு புதிர் விடுபடாமல் நிற்கும், அவ்வளவுதான் என்றால் அது ஆய்வுக் கதை. யாரோ சிலர் அங்கேயே ஒருவரோடொருவர் மாட்டிக்கொண்டு கிடப்பார்கள் என்றால் அது ராஜதந்திரக் கதை.

ஆய்வுக் கதையில் தெரியாத ஒன்று இருக்கிறது. அது தெரிந்ததும் கதை முடிகிறது. ராஜதந்திரக் கதையில் பெரும்பாலும் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எந்த நிலவு யாருக்கு, எந்தக் கைதியை யார் விட வேண்டும் என்பதில் மர்மமே கிடையாது. அந்தத் தீர்வுக்குச் சம்மதித்துவிட்டுத் தன் மக்கள் முன்னால் போய் நிற்க முடியுமா என்பதுதான் தூதரின் சிக்கல். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், கீழே வரும் பதில்கள் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன.

கப்பலா, விண்வெளி நிலையமா என்பது அவ்வளவு முக்கியமா?

பைலட் (தொடரின் முதல் எபிசோடு) எழுதும்போது எடுக்கிற முடிவுகளில் இதுவே பெரியது. கப்பல் என்றால் ஒவ்வொரு வாரமும் பின்விளைவுகளை விட்டுவிட்டுப் போகலாம். 1967-இல் வந்த ஸ்டார் ட்ரெக் எபிசோடு 'ஜர்னி டு பேபல்' இதை நன்றாகக் காட்டுகிறது. கோரிடான் என்ற கோளைக் கோள்களின் கூட்டமைப்பில் சேர்க்கலாமா என்று முடிவெடுக்கும் மாநாட்டுக்கு எண்டர்பிரைஸ் கலம் தூதர்களை ஏற்றிச் செல்கிறது. ஒரு கொலை, ஒரு உளவாளி, கலத்தின் அதிகாரி ஸ்போக்கின் தந்தை சாரெக்குக்கு இதய அறுவை சிகிச்சை எல்லாம் வழியில் நடக்கின்றன. மாநாடு மட்டும் திரையில் வருவதே இல்லை. கலம் போய்ச் சேர்வதற்குள் எபிசோடு முடிந்துவிடுகிறது. அருமையான எபிசோடுதான். ஆனால் கப்பல் தொடர் ராஜதந்திரத்தை எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

நிலையத்தில் அப்படித் தப்ப முடியாது. 1993-இல் பைலட் வந்து, 1998 வரை ஐந்து சீசன்கள் ஓடிய பாபிலோன் 5 தொடரில் நிலையம் ஐந்து மைல் நீளம். மனிதரும் மற்றவருமாக இரண்டரை லட்சம் பேர் அங்கே வாழ்கிறார்கள். செண்டாரி தூதர் லொண்டோவும் நார்ன் தூதர் ஜகாரும் தினமும் ஒரே தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிறார்கள். மூன்றாம் சீசனில் குண்டு வெடித்து இருவரும் ஒரு லிஃப்டில் சிக்கிக்கொள்கிறார்கள். அப்போது நார்ன் கோள் செண்டாரிகளின் பிடியில் இருக்கிறது. ஒரு செண்டாரியை ஒரு நார்ன் கொன்றால் 500 நார்ன்கள் கொல்லப்படுவார்கள் என்பது ஆக்கிரமிப்பாளர் போட்ட சட்டம். எனவே ஜகார் கையை ஓங்க மாட்டார். ஆனால் புகையில் மூச்சுத் திணறி லொண்டோ தானாகவே செத்தால் சட்டம் ஒன்றும் செய்யாது. தானும் கூடவே சாவோம் என்று தெரிந்தே, உதவ மறுத்து, உட்கார்ந்து சிரிக்கிறார். இரண்டு ஆட்கள், ஒரு பெட்டி அளவு செட். மூன்று சீசன்களாகச் சேர்த்து வைத்த பகையும் அந்த 500 என்ற எண்ணும் இல்லாவிட்டால் இந்தக் காட்சி வெறும் விபத்துக் காட்சியாகப் போயிருக்கும்.

ஸ்டார் ட்ரெக்: வாயேஜர் தொடர் (1995–2001) நேர் எதிர்த் திசையில் போனது. வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தூரம், திரும்பிவர 75 ஆண்டு. இன்று சந்தித்தவரை நாளைக்குப் பார்க்கப் போவதில்லை. அதனால் அங்கே செய்யப்படும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பண்டமாற்றோடு நின்றுவிடுகின்றன.

ஆய்வு எபிசோடை எப்படிக் கட்டுவது?

ஸ்டார் ட்ரெக்கின் 'தி டெவில் இன் தி டார்க்' (1967) எபிசோடைப் பிரித்துப் பார்ப்பதே நல்ல பயிற்சி. ஜேனஸ் 6 என்ற கோளின் சுரங்கத்தில் ஏதோ ஒன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொன்றிருக்கிறது. அதைத் தேடிக் கொல்லத்தான் கலம் வருகிறது. சுரங்கத் தலைவரின் மேசையில் ஒரு சிலிக்கான் உருண்டை கிடக்கிறது. ஸ்போக் கையில் எடுத்துப் பார்க்கிறார். கீழ்த்தளத்தில் இப்படி ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, ஒன்றுக்கும் உதவாதவை என்கிறார் தலைவர். விடை அந்த இடத்திலேயே நம் கண் முன்னால் இருக்கிறது. அவை முட்டைகள். கொல்லும் உயிரினமான ஹோர்ட்டா, தன் குஞ்சுகளை உடைத்து நொறுக்குகிறவர்களை எதிர்த்துப் போராடும் தாய்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டமைப்பு இது. விடைக்கான பொருள் முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் திரையில் தெரிய வேண்டும். ஆனால் அது வேறு ஏதோவாக அடையாளம் காட்டப்பட வேண்டும். அதன் பிறகு குறைந்தது இரண்டு தப்பான ஊகங்கள் வர வேண்டும், ஒவ்வொரு ஊகத்துக்கும் யாராவது விலை கொடுக்க வேண்டும். உண்மை வெளிப்படும்போது, அதுவரை நாம் யார் பக்கம் நின்றோமோ அந்தப் பக்கம் மாற வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் ராஜதந்திரத்துக்கு: குஞ்சுகள் சுரங்கம் தோண்டட்டும், தாதுவை மனிதர் எடுத்துக்கொள்ளட்டும், ஒருவரை ஒருவர் தொடாமல் இருக்கட்டும் என்று உடன்பாடு வருகிறது.

இந்த வகைக் கதை கெட்டுப்போவதற்கு முதல் காரணம், விடை கருவியிலிருந்து வருவது. பொறியாளர் ஏதோ துகளின் பெயரைச் சொல்லி, இன்னொரு துகளைப் பாய்ச்சி, எல்லாம் சரியாகிவிட்டது என்றால் பார்வையாளர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் கண்ணால் பார்த்த பொருளிலிருந்தே விடை வர வேண்டும்.

பேச்சுவார்த்தை என்றால் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். சலிப்புத் தட்டாதா?

மேசையைச் சுற்றியே கேமராவை வைத்தால் சலிப்புத் தட்டத்தான் செய்யும். உண்மையான பேச்சுவார்த்தைகளில்கூட முக்கியமானவை மேசையில் நடப்பது குறைவு. 1978-இல் கேம்ப் டேவிட்டில் எகிப்தும் இஸ்ரேலும் 13 நாள் பேசின. முதல் சில நாட்களுக்குப் பிறகு எகிப்தின் சதாத்தும் இஸ்ரேலின் பெகினும் நேருக்கு நேர் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கத் தரப்பு ஒரே வரைவை வைத்துக்கொண்டு அவர்கள் தங்கிய இரு குடில்களுக்கும் இடையே நடந்தது. அந்த வரைவு இருபதுக்கும் மேற்பட்ட முறை திருத்தப்பட்டது. கதைக்கு வேண்டியது அந்த நடையில்தான் இருக்கிறது. நாடகம் குடில்களுக்கு இடையிலான பாதையில் நடக்கட்டும். முழுத் தூதுக்குழுவும் மேசையில் உட்கார்ந்திருக்கும் காட்சி 45 நிமிட எபிசோடில் மூன்று போதும்: தொடக்கத்தில் ஒன்று, நடுவில் உடைந்து போவதற்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று பக்கத்துக்குள் முடியட்டும். பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கு இங்கேயும் பொருந்தும்.

எழுத ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு தரப்புக்கும் நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே என்ன கேட்கிறார்? உண்மையில் அவருக்கு என்ன வேண்டும்? அவர் வீட்டில் யாருக்குப் பயப்படுகிறார்? எதைக் கொடுத்தால் அவருக்கு வலிக்காது, ஆனால் எதிராளிக்குப் பெரிதாகத் தெரியும்? மூன்றாவது வரி காலியாக இருந்தால் அந்தத் தூதர் வெறும் கோரிக்கைப் பட்டியலாக நிற்பார். எழுதிப் பார்த்து நின்றுபோன திரைக்கதைகளில் பெரும்பாலானவற்றில் குறை இந்த இடத்தில்தான்.

நான்கு வரியும் இருந்த பிறகு, ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு பலவீனத்தைச் சேருங்கள். ஸ்டார்கேட் எஸ்ஜி-1 தொடரின் 'ஃபேர் கேம்' (1999) இதில் நல்ல பாடம். பூமியைப் பாதுகாக்கும் உடன்படிக்கைக்காக அஸ்கார்ட் இனத்தின் தோர், பூமிக்குப் பகையான கோவாவுல்டு இனத்தின் ஆட்சியாளர்கள் மூவரைப் பேச்சுக்கு அழைத்து வருகிறார். உடன்படிக்கை மீறப்பட்டால் அஸ்கார்டுகள் வந்து தண்டிப்பார்கள் என்பதே அதன் பலம். ஆனால் அவர்கள் வேறொரு எதிரியோடு போரில் சிக்கியிருப்பதால் வர இயலாது. எல்லாம் வெறும் மிரட்டல். அது நமக்கும் பூமிக்காரர்களுக்கும் தெரியும், எதிர்த்தரப்புக்குத் தெரியாது. இதன் பிறகு மேசையில் சாதாரணமாகச் சொல்லப்படும் வாக்கியம்கூடப் பதற்றம் தருகிறது.

வசனத்துக்கு நம்மிடமே பழைய முன்மாதிரி இருக்கிறது. புறநானூற்றுச் செய்யுள் ஒன்றில் அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலங்களைக் காட்டுகிறான். இவை மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். மேலுக்குப் பாராட்டு, உள்ளே எச்சரிக்கை. அதியமான் ஓயாமல் போரிடுகிறவன் என்று ஒரு சொல்கூட வெளிப்படையாக வரவில்லை. தூதர் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தச் செய்யுளோடு வைத்துப் பாருங்கள். எதிராளி கோபப்படவும் முடியாமல், கேட்காதது போல இருக்கவும் முடியாமல் திணறினால் வாக்கியம் தேறிவிட்டது.

மேசை, இருக்கை போன்ற விவரங்களுக்கு நேரம் செலவழிக்கலாமா?

தாராளமாக. வியட்நாம் போரை முடிக்கப் பாரிஸில் நடந்த பேச்சு, 1968 கடைசியிலிருந்து 1969 ஜனவரி வரை மேசையின் வடிவத்திலேயே சிக்கி நின்றது. பிடிவாதம் போலத் தோன்றும். ஆனால் நான்கு பக்க மேசை போட்டால் தென் வியட்நாம் அரசை எதிர்த்துப் போரிட்ட தேசிய விடுதலை முன்னணி தனித் தரப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், இரண்டு பக்கம் போட்டால் இல்லை என்றாகிவிடும். கடைசியில் ஒரு வட்ட மேசையும், அதிலிருந்து சற்று விலகி இரண்டு சிறிய செவ்வக மேசைகளும் போட்டார்கள். பக்கமே இல்லாத வட்டத்தை ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியபடி எண்ணிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட ஒரு பொருளைக் கொண்டு வந்தால், இரண்டு பக்க அரசியல் விளக்கத்தை வெட்டிவிடலாம்.

எத்தனை இனங்கள் பேச்சில் இருக்கலாம்?

ஒரே எபிசோடு என்றால் இரண்டு தரப்பும் ஒரு நடுவரும். பாபிலோன் 5 ஐந்து வல்லரசுகளையும் அணிசேரா உலகங்களின் கூட்டமைப்பையும் கையாண்டது. ஆனால் அதற்கு ஐந்து சீசன்களும் 110 எபிசோடுகளும் கிடைத்தன. தரப்பைக் கூட்டுவதைவிட, ஒரே தரப்புக்குள் இரண்டு கருத்துகளை வைப்பது நல்லது. 'செண்டாரிகள் எல்லாரும் ஆடம்பரக்காரர்கள், நார்ன்கள் எல்லாரும் கோபக்காரர்கள்' என்ற ஒற்றைக் குண அடையாளத்தை உடைக்க அதுவே வழி.

கடைசியில் யாரோ குண்டு வைத்தார்கள் என்று முடிப்பதில் என்ன தவறு?

சதிகாரனைப் பிடித்ததும் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்றால், அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இருந்ததில்லை என்றாகிறது. மாநாட்டுக் கதைகளில் மிக அதிகமாக வரும் பிழை இது. குண்டு வைக்கலாம், ஆனால் 15-ஆம் நிமிடத்தில் வையுங்கள். சதிகாரன் பிடிபட்ட பிறகும் பேச்சு நகராமல் நிற்க வேண்டும், அதிலிருந்து உண்மையான கதை தொடங்க வேண்டும். கேப்டனின் ஒரு உரையில் இரு தரப்பும் மனம் மாறுவதும் இதே ரகம்.

எல்லா மொழியையும் பெயர்க்கும் கருவி ராஜதந்திரக் கதையைக் கெடுக்கிறதா?

வேலை செய்கிறது என்று விட்டுவிட்டால் கெடுக்கிறது. எந்த இடத்தில் தோற்கும் என்று முடிவு செய்துவிட்டால் உதவுகிறது. ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் 'டார்மொக்' (1991) எபிசோடில் கருவி டமேரியர்களின் சொற்களைச் சரியாகவே பெயர்க்கிறது. ஆனால் அவர்கள் தங்கள் பழங்கதைகளைச் சுட்டியே பேசுகிறவர்கள் என்பதால் ஒன்றும் புரிவதில்லை. டமேரியத் தலைவர் டேத்தன் ஒரு குத்துவாளை எண்டர்பிரைஸ் கேப்டன் பிக்கார்டிடம் நீட்டுகிறார். சண்டைக்கு அழைக்கிறார் என்று பிக்கார்ட் நினைக்கிறார். பொது எதிரியான ஒரு மிருகத்தை இருவரும் சேர்ந்து எதிர்த்தால் நட்பு வரும் என்பது டேத்தனின் எண்ணம். வாளின் பொருள் பிக்கார்டுக்கு விளங்கும் நேரத்தில், அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து எண்டர்பிரைஸ் அவரை இடைமறித்துப் பிடித்துக்கொள்கிறது. டேத்தன் தனியே அடிபட்டுச் சாகிறார். நல்லெண்ணத்தோடு செய்த தொழில்நுட்ப உதவியே பேரழிவாகிறது. மொழியைக் கண்டுபிடிப்பது ஆய்வு. அந்த மொழியில் முதல் வாக்கியம் பேசுவது ராஜதந்திரம். இரண்டும் ஒரே கணத்தில் சந்திக்கிற எபிசோடு இதைப்போல் இன்னொன்று இல்லை.

அதே தொடரின் 'லவுட் ஆஸ் எ விஸ்பர்' (1989) வேறு வழியில் போகிறது. காது கேளாத நடுவர் ரீவாவுக்காக மூவர் பேசுகிறார்கள். அந்த மூவரும் கொல்லப்படுகிறார்கள். பிறகு அவர் சைகை மொழியை இரு பகைவருக்கும் கற்றுக்கொடுக்க அந்தக் கோளிலேயே தங்கிவிடுகிறார். கற்கும் நாட்களில் அவர்கள் பேசியாக வேண்டும் என்பதே திட்டம்.

முதல் சந்திப்பு எந்த வகையில் சேரும்?

இரண்டிலும். அதனால்தான் அதில் விபத்து அதிகம். பாபிலோன் 5 கதையுலகில் மின்பாரிக் கலங்கள் பூமிக் கலங்களை முதன்முதலில் எதிர்கொள்ளும்போது பீரங்கி வாயில்களைத் திறந்து வைத்து வருகின்றன. அவர்கள் மரபில் அது மரியாதை. பூமிக் கேப்டன் தாக்குதல் என்று நினைத்துச் சுடுகிறார். மின்பாரித் தலைவர் டுகாட் சாகிறார். மனித இனம் அழிவின் விளிம்பு வரை போகும் போர் மூள்கிறது. இரு பக்கமும் முறைப்படிதான் நடந்துகொண்டார்கள். முதல் சந்திப்பு எழுதும்போது ஒரு பக்கத்தை முட்டாளாக்காதீர்கள்; இரண்டு நியாயமான வழக்கங்களை மோதவிடுங்கள்.

நிஜ உலகிலும் இதற்கு ஒரு நெறிமுறை உண்டு. வேற்றுலக அறிவுயிரிடமிருந்து குறிப்பலை கிடைத்தால், சர்வதேச ஆலோசனை முடியும்வரை பதில் அனுப்பக்கூடாது என்று 1989-இல் விண்வெளி ஆய்வாளர்களின் பன்னாட்டு அகாடமி கொள்கை அறிக்கை வெளியிட்டது. கண்டுபிடித்தவரே பேசவும் உரிமை உள்ளவரா என்பது நல்ல மோதல் புள்ளி.

தூரத்தையும் தாமதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

எடுத்தால் தூதருக்கு வேலை வரும். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒளி போக ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் ஆகிறது. ஒரு கேள்விக்குப் பதில் வர 44 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும் என்றால் தலைமையகத்தைக் கேட்டுக்கேட்டுப் பேரம் பேச முடியாது. தூதரே முடிவெடுக்க வேண்டும். தந்தி வருவதற்கு முந்தைய உலகம் இப்படித்தான் இருந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் 1814 டிசம்பர் 24-இல் கென்ட் நகரில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அந்தச் செய்தி கடல் கடந்து போவதற்குள் 1815 ஜனவரி 8-இல் நியூ ஆர்லியன்ஸில் பெரும் சண்டை நடந்துவிட்டது. தலைமையகத்தோடு எப்போதும் நேரடியாகப் பேசலாம் என்று வைத்துக்கொண்ட தொடர்கள் இந்தச் சுரங்கத்தைத் தாமாகவே மூடிக்கொள்கின்றன.

தலையிடக்கூடாது என்ற விதி கதைக்கு உதவுமா?

ஸ்டார் ட்ரெக்கின் பிரைம் டைரக்டிவ் 1967-இல் முதன்முதலாகச் சொல்லப்பட்ட எபிசோடிலேயே கேப்டன் கர்க் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார். விதியைப் பற்றி அறையில் விவாதிப்பதோடு நிறுத்தாதீர்கள். 'பென் பால்ஸ்' (1989) எபிசோடில் அதிகாரிகள் கொள்கை பேசிக்கொண்டிருக்கும்போது, அழியப் போகிற கோளிலிருந்து ஒரு சிறுமியின் குரல் ரேடியோவில் வருகிறது. விவாதம் அதோடு முடிகிறது.

செலவு எதில் குறைவு?

பொதுவாக ராஜதந்திரத்தில். ஆய்வுக் கதைக்கு வாராவாரம் புதிய செட், புதிய உயிரினம், வெளிப்புறப் படப்பிடிப்பு வேண்டும். ஒவ்வொரு வாரமும் கலம் தரையிறங்குவதைக் காட்டப் பணம் கட்டாது என்பதால்தான் ஸ்டார் ட்ரெக்கில் ஆட்களைக் கதிராக்கி அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டரே பிறந்தது. பேச்சு எபிசோடு ஏற்கனவே உள்ள செட்டில் முடிந்துவிடும். ஆனால் மேக்கப் நேரம் கூடும். முகம் முழுக்க ரப்பர் ஒட்டிய நடிகரிடமிருந்து நுணுக்கமான முகபாவம் வந்து சேராது. அவருக்குக் கண்ணையும் குரலையும் நம்பி எழுதுங்கள். ஒரே காட்சியில் முழு மேக்கப் போட்டவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம்.

ராஜதந்திரம் நேர்மையற்ற வழியில் வென்றால்?

டீப் ஸ்பேஸ் நைன் தொடரின் 'இன் தி பேல் மூன்லைட்' (1998) எபிசோடைப் பாருங்கள். டொமினியன் என்ற எதிரிப் பேரரசுடனான போரில் தோற்றுக்கொண்டிருக்கும் நிலையத் தளபதி சிஸ்கோ, போரில் சேராமல் இருக்கும் ரோமுலன்களைத் தன் பக்கம் இழுக்கப் போலிச் சான்று தயாரிக்கிறார். ரோமுலன் செனட்டர் வ்ரீனாக் அது போலி என்று கண்டுபிடித்துவிடுகிறார். சிஸ்கோவின் கூட்டாளி கராக் அவருடைய கலத்தையே வெடிக்க வைக்கிறார். ரோமுலன்கள் போரில் இறங்குகிறார்கள், சிஸ்கோவின் திட்டம் பலிக்கிறது. கதை முழுவதும் சிஸ்கோ கேமராவைப் பார்த்துச் சொல்லும் பதிவாக அமைந்திருக்கிறது; கடைசியில் அந்தப் பதிவை அழித்துவிடுகிறார். தண்டனை எதுவும் வருவதில்லை. வந்திருந்தால் பார்வையாளர் நிம்மதியாக எழுந்து போயிருப்பார்.

ஒரே தொடரில் இரண்டையும் எப்படிக் கலப்பது?

ஆய்வு கண்டுபிடித்ததை ராஜதந்திரம் பங்கு பிரிக்கட்டும். டீப் ஸ்பேஸ் நைன் பைலட்டில் (1993) தொலைதூர விண்வெளிக்குக் குறுக்குவழியான ஒரு புழுத்துளை கண்டுபிடிக்கப்படுகிறது. அதன் வழியே மறுபக்கம் போகிறவர்கள் இரண்டாம் சீசன் முடிவில் டொமினியனைச் சந்திக்கிறார்கள், இந்தப் பக்கம் வராதே என்ற எச்சரிக்கை வருகிறது. ஐந்தாம் சீசன் முடிவில் போர். நான்கரை ஆண்டு ராஜதந்திரக் கதைக்கு விதை ஒரு ஆய்வு எபிசோடு.

சுருக்கமான சீசனுக்கு தி எக்ஸ்பான்ஸ் நான்காம் சீசன் (2019) முன்மாதிரி. ஐலஸ் என்ற புதிய கோளில் அகதிகளாக முதலில் இறங்கிய பெல்ட்டர்கள் (சிறுகோள் பட்டையைச் சேர்ந்த மனிதர்கள்) லித்தியம் தோண்டுகிறார்கள்; ஐ.நா. உரிமத்தோடு ஒரு நிறுவனம் பின்னால் வருகிறது. நடுவராக அனுப்பப்பட்ட கேப்டன் ஹோல்டனின் பேச்சு எடுபடவில்லை. பிறகு கோளே எழுகிறது: பழைய இயந்திரங்கள் விழித்துக்கொள்கின்றன, பேரலை வருகிறது, கண்ணில் புகுந்த நுண்ணுயிரால் பார்வை போகிறது. சண்டையிட்ட இரு கூட்டமும் ஒரே இடிபாட்டுக்குள் அடைக்கலம் புகுகின்றன. இதில் கவனிக்க வேண்டியது வரிசை. பேச்சு தோற்ற பிறகு ஆபத்து வருகிறது, ஆபத்து போன பிறகும் நிலம் யாருக்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பத்து எபிசோடு எழுதுகிறவர்கள் ஆறாம் எபிசோடை ஒட்டி இந்தத் திருப்பத்தை வைத்து, கடைசி எபிசோடில் பழைய கேள்வியை மறுபடி மேசைக்குக் கொண்டுவரலாம்.